மேல்மாடி அறையின் உரிமை விவரம்

ஜொகூர் பாரு
12 ஜனவரி 2025

சிங்கப்பூர் பெடோக்கில் இருக்கும் சயீத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உங்கள் வீட்டில் ஃபாயிஸா லாத்தாவின் ரத்தக் கொதிப்பு அடங்கியதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. சர்க்கரை மட்டும் நான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

பிள்ளைகள் போட்ட உத்தரவுப்படி இதை எழுதுகிறேன். உங்கள் மகன் நாசருக்கு என் மகள் சபீதாவைப் பேசி முடிக்க டிசம்பரில் என் கடைக்கு வந்தீர்கள். பிரியாணித் தட்டை எடுக்கக்கூட இல்லை, அதற்குள் கடல் நடுவே இருக்கும் அந்தப் பாறை மலேசியாவுடையதா சிங்கப்பூருடையதா என்று நாம் இருவரும் எழுந்து நின்றுவிட்டோம். பிறகு வாட்ஸாப் குழுவில் மூன்று நாள் சண்டை. நாற்பத்திரண்டு குரல் பதிவு. அதில் முப்பது என்னுடையது என்று சபீதா எண்ணி வைத்திருக்கிறாள். கடைசியில் நம் இருவரையும் குழுவிலிருந்து நீக்கிவிட்டு என்னிடம் வந்து நின்றாள்.

"வாப்பா, கல்யாணம் முடியுற வரைக்கும் நீங்களும் மாமாவும் லெட்டர்தான் எழுதிக்கணும். கையால எழுதணும், ஸ்டாம்ப் ஒட்டணும், போஸ்ட் ஆபீஸ்ல வரிசையில நிக்கணும். அவ்வளவு நேரமும் தாங்குச்சுன்னா அது உண்மையான கோபம் லா."

பாறையின் மலாய்ப் பெயரை நானும், போர்த்துகீசியப் பெயரை நீங்களும் எழுதக் கூடாதாம். ஆகவே இனி அது 'அந்தப் பாறை'.

கடிதம் எழுதுவதில் எனக்கு ஒரு பயம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1953இல் சிங்கப்பூர் அதிகாரி ஒருவர் ரொம்பச் சாதுவாக, அந்தப் பாறை குறித்து விவரம் ஏதும் உண்டா என்று கேட்டு எழுதினார். செப்டம்பர் 21ஆம் தேதி ஜொகூர் செயலகத்திலிருந்து ஒருவர் ஒரே வரியில் பதில் போட்டார்: பாறை மீது ஜொகூர் உரிமை கோரவில்லை. ஐம்பத்தைந்து வருடம் கழித்து ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்ற நீதிபதிகள் அந்த வரியை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நாங்கள் எதிர்ப்புச் சொல்லாமல் இருந்த மௌனத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். பாறை சிங்கப்பூருக்குப் போய்விட்டது. எனவே நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற என் அண்டைவீட்டார் சொக்கநாதன் படித்துப் பார்த்த பிறகே உறையை ஒட்டுவேன். நீங்கள் எழுதும் எதற்கும் பதில் போடாமலும் இருக்க மாட்டேன்.

இப்போது விஷயம். நாம் இருவரும் கீழக்கரை வழி வந்தவர்கள். நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில் இருப்பதுதான் நம் வழக்கம். பெண் வீட்டார் கட்டில் போடுவார்கள். அந்தக் கட்டில் எந்தக் கூரைக்குக் கீழே கிடக்கிறதோ அதுதான் மாப்பிள்ளையின் வீடு. என் கடைக்கு மேல்மாடியில் அறை தயாராக இருக்கிறது, கட்டிலும் கிடக்கிறது. நாசர் பாலம் தாண்டி வேலைக்குப் போய்வரட்டும். இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள்.

சபீதா எனக்கு ஒரே பிள்ளை. அவள் உம்மா நஸீமா மௌத்தாகி ஆறு வருடம் ஆகிறது. சபீதாவும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் மட்டும்தான். இதை வாதமாக எழுதவில்லை, தகவலாக எழுதுகிறேன்.

எதையும் விட்டுக்கொடுக்காத,
உதுமான்


சிங்கப்பூர்
24 ஜனவரி 2025

உதுமான் பாய் அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். உங்கள் கடையிலிருந்து என் வீடு முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. உங்கள் கடிதம் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டு வந்தது. நடந்து வந்திருந்தால்கூடக் குடிநுழைவு வரிசையோடு சேர்த்து ஒரு நாளில் வந்திருக்கும். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஃபாயிஸாவுக்கு ரத்தக் கொதிப்பு உங்கள் கடிதத்தைப் படித்த அன்று மட்டும் கொஞ்சம் ஏறியது. சிரித்ததால்தான், பயப்படாதீர்கள்.

2008இல் தீர்ப்பு வந்த நாளை நீங்கள் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். பாறை கிடைத்தால் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ரொட்டி சானாய் இலவசம் என்று பலகை எழுதி வைத்தீர்களாம். பாறை எங்களுக்கு, பக்கத்தில் இருக்கும் நடுப்பாறைகள் உங்களுக்கு என்று தீர்ப்பு வந்ததும், கூட்டம் விடாமல் நின்று, பாதித் தீர்ப்புக்குப் பாதி ரொட்டியாவது கொடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனதாம். சபீதாதான் நாசரிடம் சொல்லியிருக்கிறாள். இதைச் சொன்ன பெண்ணை எங்கள் வீட்டுக்கு எப்படியாவது கொண்டுவந்துவிட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பாறையை நீங்கள் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். நான் 1982லிருந்து 1988 வரை அங்கே கலங்கரை விளக்குக் காவலனாக இருந்தவன். கால்பந்துத் திடல் அளவுதான் இருக்கும். ஒரு விளக்கு, மழைத் தண்ணீர்த் தொட்டி, மீதியெல்லாம் பறவை எச்சம். அந்த எச்சத்தை ஆறு வருடம் சுரண்டி அள்ளினேன். சுரண்டியவனுக்கே பாறை என்றுதான் நீதிபதிகளும் கடைசியில் சொன்னார்கள்.

நாசரும் எங்களுக்கு ஒரே பிள்ளைதான். இங்கே மூன்று அறை இருக்கிறது. ஒன்று எங்களுடையது, ஒன்று நாசருடையது. மூன்றாவது எனக்கே எனக்கு. அதில் என் நாற்காலி, தொலைநோக்கி, பழைய கப்பல் குறிப்பேடுகள். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. ஓய்வுபெற்ற மனிதனுக்கு வேறென்ன வேண்டும்? பிள்ளைகள் நாசரின் அறையில் சந்தோஷமாக இருக்கலாம்.

மாப்பிள்ளை பெண் வீட்டில் இருக்கும் வழக்கம் எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

துஆவுடன்,
சயீத்


ஜொகூர் பாரு
9 பிப்ரவரி 2025

சயீத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சி முழங்காலுக்குத் தேயுங்கள். இந்தக் கடிதத்தில் எதிர்ப்பு இல்லாத வரி இது ஒன்றுதான்.

'சுரண்டியவனுக்கே பாறை' என்பதை வன்மையாக எதிர்க்கிறேன். அப்படிப் பார்த்தால் இருபத்தைந்து வருடமாக ரொட்டிக் கல்லைச் சுரண்டுகிற வேலுவுக்கு என் கடையை எழுதிக் கொடுக்க வேண்டிவரும். ரொட்டிக் கதையையும் எதிர்க்கிறேன். பாதி ரொட்டி நான் கொடுத்தது தோல்வியால் அல்ல, பெருந்தன்மையால். நாசரின் அறையில் பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கலாம் என்பதையும் எதிர்க்கிறேன். இதற்கு நான் பதில் எழுதாமல் விட்டிருந்தால் 2080இல் ஒரு நீதிபதி அதை எடுத்துக் காட்டுவார்.

என் பங்குக்கு ஒரு கேள்வி. நாசர் முப்பத்தொரு வருடமாக எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தான்? ஜொகூர் ஆற்றுத் தண்ணீர் குழாய் வழியாக உங்கள் ஊருக்கு வருகிறதா இல்லையா? உங்கள் பிள்ளை பாதிக்கு மேல் எங்கள் தண்ணீர். அவனை நாங்கள் கேட்கவில்லை, திரும்பப் பெற்றுக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

சொக்கநாதன் இதைப் படித்துவிட்டு, "என்ன உதுமான், அவரு உங்களுக்கு அஞ்சு வயசு மூத்தவரு. காக்கான்னு எழுதுனா என்ன குறைஞ்சு போயிரும்?" என்றார். மூத்தவரைக் காக்கா என்று அழைப்பது நம் வழக்கம்தான். ஆனால் ஒருவரை அண்ணனாக ஏற்றுக்கொண்டால் அவர் சொல்வதைக் கேட்க வேண்டிவரும். அது இப்போதைக்கு முடியாது.

இன்னொன்று. பாறைகளுக்குத் தெற்கே ஒரு திட்டு இருக்கிறதே, தண்ணீர் வற்றும்போது மட்டும் தலையை நீட்டுமே, அது யார் கடலில் இருக்கிறதோ அவருக்குச் சொந்தம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். கடல் யாருடையது என்று மட்டும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்கள். "நானும் நாசரும் அந்தத் திட்டுதான் வாப்பா" என்கிறாள் சபீதா. அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

எதிர்ப்புகள் அனைத்துடனும்,
உதுமான்


சிங்கப்பூர்
26 பிப்ரவரி 2025

உதுமான் பாய் அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். பூண்டு எண்ணெய் வேலை செய்கிறது. ஆனால் என் அறைக்குள் இப்போது யாரும் வருவதில்லை. முன்பும் யாரும் வந்ததில்லை என்பதால் வித்தியாசம் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். காஹாங்கிலிருந்து உங்கள் இரண்டு தம்பிகள், உங்கள் பள்ளிவாசல் செயலாளர், சொக்கநாதன், வேலு. எனக்கு அழுத்தம் கொடுக்கத்தான் அனுப்பினீர்கள் என்று புரிந்தது. 1971இல் நம் இரண்டு நாடுகளும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு சேர்ந்து ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு ஒன்று செய்துகொண்டன அல்லவா? யாராவது தாக்கினால் ஐந்து பேரும் சேர்ந்து உடனே என்ன செய்வார்கள் தெரியுமா? கலந்து ஆலோசிப்பார்கள். ஒப்பந்தத்தில் இருப்பது அவ்வளவுதான்.

உங்கள் ஐவரும் அந்த ஒப்பந்தத்தை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றினார்கள். பன்னிரண்டு மணிக்கு வந்து, ஃபாயிஸா சமைத்த மீன் குழம்பைக் கலந்து ஆலோசித்தார்கள். இரண்டரைக்கு வட்டிலாப்பத்தைக் கலந்து ஆலோசித்தார்கள். பெரிய தம்பி சோபாவிலேயே தூங்கிவிட்டார். போகும்போது செயலாளர் மட்டும், "அப்ப மாப்பிள்ள அங்கதான் வர்றாரு, இல்லீங்களா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "இல்லீங்க" என்றேன். "சரிங்க, சொல்லிடுறோம்" என்று போய்விட்டார்கள். வேலு மட்டும் என் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "முதலாளிக்கு இப்படி ஒண்ணு இல்லீங்க. கடை சாத்துனதும் தனியா உக்காந்திருப்பாரு" என்றான்.

ரமலான் வருகிறது. நோன்பு நேரத்திலாவது சண்டையை நிறுத்தி வைப்போம்.

அன்புடன்,
சயீத்

தம்பி, உங்கள் லாத்தா ஃபாயிஸா எழுதுவது. ஆண்களின் சண்டையில் எனக்கு வேலை இல்லை. ஒரு விவரம் வேண்டும். மேல்மாடி அறையில் பெரிய கட்டில் ஒன்று இருப்பதாக நாசர் சொன்னான். அது யாருடையது? நீளம் அகலம் என்ன? விரிப்பு தைக்கத்தான் கேட்கிறேன்.


ஜொகூர் பாரு
15 மார்ச் 2025

சயீத் அவர்களுக்கும் ஃபாயிஸா லாத்தாவுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு திறந்து, ஒரு கோப்பை கஞ்சி குடித்துவிட்டு எழுதுகிறேன். வயிறு நிறைந்திருப்பதால் இன்றைக்கு எதிர்ப்பு ஒன்றும் இல்லை. என் தம்பிகளை இனி எங்கேயும் அனுப்புவதாகவும் இல்லை.

லாத்தா கேட்ட விவரம். கட்டில் ஆறரை அடி நீளம், ஆறடி அகலம். பாலோ ஊரில் ஒரு சீனத் தச்சர் மெர்பாவ் மரத்தில் செய்தது. நான்கு ஆள் சேர்ந்தால்தான் நகரும். என் நிக்காஹுக்கு நஸீமாவின் வாப்பா போட்ட கட்டில் அது. நான் ஒரு தகரப் பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. வந்த அன்று என் மாமனார் கடைச் சாவியைக் கையில் கொடுத்து, "காலைல அஞ்சு மணிக்கு நீதான் தொறக்கணும்" என்றார். அதைவிடச் சந்தோஷமான நாள் எனக்கு வாய்த்ததில்லை.

நஸீமா கடைசிக் காலத்தில் அந்தக் கட்டிலில்தான் கிடந்தாள். ஜன்னல் வழியாகப் பாலத்தில் போகும் பேருந்துகளை எண்ணிக்கொண்டிருப்பாள். அவள் போன பிறகு நான் கீழே படுக்கிறேன். மேலே போனால் முழங்கால் வலிக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். எனக்கு முழங்கால் வலியே கிடையாது.

அது உம்மா வழியில் பெண்ணுக்கு வந்த சொத்து. அந்தக் கட்டில் மீது நான் உரிமை கோரவில்லை. அது சபீதாவுடையது, அவள் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். விரிப்பு வெளிர் பச்சையில் இருந்தால் அவளுக்குப் பிடிக்கும்.

சொக்கநாதன் மகனைப் பார்க்கக் கோலாலம்பூர் போயிருக்கிறார். கட்டில் அளவுதானே, அவருக்குக் காட்ட என்ன இருக்கிறது என்று நானே ஒட்டிவிட்டேன்.

துஆவுடன்,
உதுமான்


சிங்கப்பூர்
2 ஏப்ரல் 2025

உதுமான் பாய் அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். பெருநாள் வாழ்த்துகள். நோன்பு முடிந்துவிட்டது, ஆகவே சண்டை நிறுத்தமும் முடிந்துவிட்டது.

ஜனவரி 12ஆம் தேதிக் கடிதத்தில் நீங்கள் எழுதியது: 'அந்தக் கட்டில் எந்தக் கூரைக்குக் கீழே கிடக்கிறதோ அதுதான் மாப்பிள்ளையின் வீடு.' மார்ச் 15ஆம் தேதி நீங்கள் எழுதியது: 'அந்தக் கட்டில் மீது நான் உரிமை கோரவில்லை. அவள் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.'

அலமாக்! இரண்டு கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நான் என் அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். எழுபத்திரண்டு வருடம் கழித்து ஜொகூரிலிருந்து மறுபடியும் அதே வரி! அதுவும் எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் சாதுவாக விவரம் கேட்டதற்குப் பதிலாக! ஃபாயிஸா சத்தியமாக விரிப்புக்காகத்தான் கேட்டாள். அவளே இப்போது என்னை முறைக்கிறாள்.

கட்டில் பெடோக்குக்கு வருகிறது. தீர்ப்பு ஆகிவிட்டது. சொக்கநாதனுக்கு என் ஸலாம் சொல்லுங்கள்.

வெற்றிக் களிப்பில்,
சயீத்


சிங்கப்பூர்
11 மே 2025

உதுமான் பாய் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமாக இருக்கிறீர்களா? இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

நான் எழுதி நாற்பது நாள் ஆகப் போகிறது. ஏப்ரல் இருபதில் ஓர் அட்டை போட்டேன். அதற்கும் பதில் இல்லை. தபால்காரருக்கு என் முகம் பழகிவிட்டது. தூரத்தில் வரும்போதே தலையை ஆட்டிவிடுகிறார்.

எதிர்ப்புச் சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். கட்டில் விஷயத்தில் நான் எழுதியது விளையாட்டு. விளையாட்டில் கொஞ்சம் அதிகமாகவே ஆடிவிட்டேன். நஸீமா தங்கச்சியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டும் அப்படி எழுதினேன் என்று ஃபாயிஸா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவள் செய்தது சரிதான்.

தயவுசெய்து எதிர்ப்புத் தெரிவியுங்கள். இரண்டு வரி போதும். எழுதச் சிரமமாக இருந்தால், இத்தோடு நானே உங்கள் சார்பில் ஓர் எதிர்ப்புக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். என்னைத் திட்டுகிற இடத்தில் கொஞ்சம் காலி விட்டிருக்கிறேன், நிரப்பிக்கொள்ளுங்கள். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினால் போதும்.

காத்திருக்கும்,
சயீத்


ஜொகூர் பாரு
25 மே 2025

அன்புள்ள சயீத் மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மாமியும் சுகம்தானே? இங்கே வாப்பா சுகமாக இருக்கிறார். சர்க்கரை இறங்கியிருக்கிறது. பயப்படும்படி ஒன்றும் இல்லை. நான் போட்ட சட்டம் எனக்கும் பொருந்தும் என்பதால் கையாலேயே எழுதுகிறேன்.

வாப்பா உங்கள் மேல் கோபமாக இல்லை. தப்பு என்னுடையது. நான் பிசியோதெரபி வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். பிப்ரவரியிலேயே சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருக்கிறது. வாப்பாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. வேலைக் கடிதத்தை மடித்து மேல்மாடி அறையில், கட்டில் மெத்தைக்கு அடியில் வைத்திருந்தேன். வாப்பாதான் மேலே வருவதே இல்லையே.

உங்கள் ஏப்ரல் கடிதம் வந்த அன்று அவர் எதிர்ப்பு எழுத உட்கார்ந்தார். ஏழு பக்கம். சொக்கநாதன் மாமா பக்கத்தில் சட்டப் புத்தகத்தோடு. கட்டிலின் அளவைச் சரிபார்க்க வேண்டும், ஓர் அங்குலம் தப்பாக எழுதியிருந்தாலும் மார்ச் கடிதம் செல்லாது என்று சொல்லிவிட்டு, ஆறு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக அளவு நாடாவோடு மேலே ஏறினார். மெத்தையைத் தூக்கியிருக்கிறார்.

ரொம்ப நேரம் கழித்துத்தான் இறங்கி வந்தார். ஏழு பக்கத்தையும் நான்காகக் கிழித்து அடுப்புப் பக்கம் வைத்தார். "என்ன வாப்பா, எழுதலியா?" என்று கேட்டேன்.

"எழுதலம்மா. எழுதாம இருந்தா என்ன அர்த்தம்னு அவருக்குத் தெரியும்" என்றார்.

அவருக்குச் சரி என்று எழுதக் கை வரவில்லை மாமா. அதனால் எழுதாமல் இருந்து சரி சொல்லியிருக்கிறார். நீங்கள் அனுப்பிய எதிர்ப்புக் கடிதத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலி இடத்தில் ஒன்றும் நிரப்பாமல் கல்லாவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். இப்போது தினமும் சாயங்காலம் மேலே போய்க் கட்டிலுக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிறார். உங்கள் முழங்காலுக்குச் சொன்ன பூண்டு எண்ணெய் இல்லை, கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நிக்காஹ் தேதியை நானும் நாசரும் முடிவு செய்துவிட்டோம். உங்கள் தேசிய தினம் ஆகஸ்ட் 9, எங்களுடையது 31. சரியாக நடுவில் 20. புதன்கிழமை. புதன்கிழமை யார் வைப்பார்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எந்தப் பக்கமும் ஒரு நாள்கூடச் சாய மாட்டோம்.

மாமா, நான் வந்துவிடுகிறேன். வாப்பாவை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

உங்கள்,
சபீதா


சிங்கப்பூர்
12 செப்டம்பர் 2025

உதுமான் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கல்யாணம் முடிந்துவிட்டது. சட்டப்படி இனி நாம் தொலைபேசியில் பேசலாம். ஆனாலும் இந்த விஷயம் எழுத்தில்தான் வர வேண்டும்.

சபீதா சுகம். காலையில் ஆறரைக்கு வேலைக்குப் போகிறாள், என் முழங்காலுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறாள். அவள் சமையலை ஃபாயிஸா பாராட்டுகிறாள். இந்த வீட்டில் முப்பது வருடமாக யார் சமையலும் பாராட்டப்பட்டதில்லை.

கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாரியிலிருந்து ஆறு பேர் தூக்கி வந்தார்கள். நாசரின் அறை வாசலில் நிறுத்தினார்கள். குறுக்கே திருப்பினார்கள், நெடுக்கே திருப்பினார்கள், அடியோடு சாய்த்துப் பார்த்தார்கள். நுழையவில்லை. எங்கள் அறையிலும் நுழையவில்லை. இந்த வீட்டில் உங்கள் பாலோ கட்டில் நுழைகிற அறை ஒன்றுதான் இருந்தது.

இப்போது என் நாற்காலி சமையலறை வாசலில் இருக்கிறது. தொலைநோக்கி காலணி அலமாரிக்கு மேல். குறிப்பேடுகள் எங்கே என்று ஃபாயிஸாவுக்கு மட்டும்தான் தெரியும், அவள் சொல்ல மறுக்கிறாள். நாசரின் அறையைத் தையல் அறை ஆக்கிவிட்டாள். நான் எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடம்தான் பெருக்க வேண்டிய இடமாக இருக்கிறது. நேற்று, "எங்கயாவது போயிட்டு வாங்க லா, எல்லாருக்கும் கொஞ்சம் காத்து வரட்டும்" என்றாள். வழக்கில் ஜெயித்தவன் நான். இருக்க இடமில்லாதவனும் நான்தான்.

ஜனவரியில் எழுதாமல் விட்ட ஒன்றை இப்போது எழுதுகிறேன். நானும் வீட்டு மாப்பிள்ளையாக இருந்தவன். உங்கள் மாமனார் உங்களிடம் சாவி கொடுத்தார். என் மாமனார் நான் கழிவறையில் எத்தனை நிமிடம் இருக்கிறேன் என்று கடிகாரம் பார்த்தார். ஒரு வருடம் பொறுத்தேன். அப்புறம்தான் விளக்குக் காவலுக்கு ஆள் வேண்டும் என்ற அறிவிப்பைப் பார்த்தேன். நாட்டுக்காகவும் இல்லை, கடலுக்காகவும் இல்லை. அந்த மனிதர் படகு ஏறி வர முடியாத ஓர் இடம் எனக்கு வேண்டியிருந்தது. அந்தப் பாறையை நான் விட்டுக்கொடுக்காமல் பேசியதெல்லாம் அதனால்தான். என் பிள்ளையை உங்கள் வீட்டுக்கு அனுப்பப் பயந்ததும் அதனால்தான். உங்களைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது.

இனி அலுவல் விஷயம்.

ஜொகூர் பாருவில் தங்கள் கடைக்கு மேலே, ஜன்னலிலிருந்து பாலம் தெரியும் அறை ஒன்று இருப்பதாகவும், அதிலிருந்த கட்டில் அகற்றப்பட்டதால் அது தற்போது காலியாக இருப்பதாகவும் அறிகிறேன். அவ்வறையின் உரிமை நிலை குறித்து விவரம் ஏதும் இருப்பின் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாற்காலியும் ஒரு தொலைநோக்கியும் வைக்க இடம் போதும். கலங்கரை விளக்கில் எங்கள் காவல் முறை ஒரு மாதம். உங்கள் குடிநுழைவுத் துறையும் முப்பது நாள்தான் தருகிறது. இடையில் ஒரு வாரம் வந்து ஃபாயிஸாவுக்கு முகம் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். அவளும் ஒப்புக்கொண்டாள். கொஞ்சம் சீக்கிரமாகவே ஒப்புக்கொண்டாள்.

பதிலை எதிர்பார்த்து,
சயீத்


ஜொகூர் பாரு
21 செப்டம்பர் 2025

சயீத் காக்காவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். தேதியைக் கவனித்தீர்களா? 1953இல் ஜொகூர் அந்த ஒரு வரியை எழுதிய அதே தேதி. உங்கள் கடிதம் நேற்றே வந்துவிட்டது. இந்தத் தேதிக்காக ஒரு நாள் பொறுத்து எழுதுகிறேன். சபீதாவும் நாசரும் இன்றைக்கு வந்திருக்கிறார்கள். தபாலில் போட்டால் ஒன்பது நாள் ஆகும், என்னால் அவ்வளவு நாள் பொறுக்க முடியாது. ஆகவே அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

இந்த ஒரு மாதமாகக் கடை சாத்திய பிறகு எனக்கு ஒன்றும் ஓடவில்லை காக்கா. மேலே கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் புதிதுபோல இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்துவிடுவேன்.

சொக்கநாதன் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறார். "இந்த வரிய மட்டும் எழுதிறாதீங்க உதுமான், ஒரு தடவை எழுதுனா திரும்ப வாங்க முடியாது" என்கிறார். தெரிந்துதான் எழுதுகிறேன்.

அந்த அறை மீது ஜொகூர் பாரு உதுமான் உரிமை கோரவில்லை.

கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் நேற்றே வைத்துவிட்டேன். காலை ஐந்து மணிக்குக் கடை திறக்க வேண்டும், சாவி உங்களிடம் இருக்கட்டும். வந்ததும் ரொட்டி போடச் சொல்லியிருக்கிறேன். முழு ரொட்டி.

உங்கள் தம்பி,
உதுமான்